கிணற்றுக்குள் சிவப்புக் கோடு

மட்டக்களப்பில் நான் வழக்குப் பேசத் தொடங்கிய காலத்தில் என் மேசைக்கு வந்தவை பெரும்பாலும் காணித் தகராறுகள். சுனாமிக்குப் பிறகும் காணித் தகராறுகள்தான் வந்தன. ஆனால் வேலியும் இல்லை, பல இடங்களில் வேலி போட்டவரும் இல்லை. அப்படியான நாட்களில் ஒருவர் வந்து உட்கார்ந்து, கிணற்றுப் பம்புக்குப் பொருத்தும் ஒரு கருவிக்குப் பேட்டன்ட் எடுக்கவேண்டும் என்று சொன்னபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. யாரும் சாகாத ஒரு கோப்பு.

அவரை என்னிடம் அனுப்பியவர் ஒரு சக சட்டத்தரணி. சட்டம் படிக்குமுன் நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவள். அந்த ஒரு குற்றத்துக்காக, மின்விசிறி சுற்றாவிட்டாலும் என்னைக் கூப்பிடுகிற ஆட்கள் என் சக சட்டத்தரணிகள்.

வந்தவருக்குச் செங்கலடிச் சந்தியில் பம்பு திருத்தும் கடை. ஐம்பதை நெருங்கிய வயது. எப்போதும் கஞ்சி போட்டு மினுக்கிய சட்டை. தன் கருவியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கேட்பவர் எழுந்து போனாலும் கவனிக்கமாட்டார். முதல் நாளே எனக்குத் தலைவலி தந்தார். இரண்டாம் நாள் கருவியையே தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். அப்போது விளங்கியது.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மணல் துண்டில் கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர் வரும். ஆனால் அது மேலே மெல்லிசாக நிற்கிற மழைத் தண்ணீர். அதற்குக் கீழே உப்புத் தண்ணீர். வாளியால் அள்ளுகிறவரை பிரச்சினை இல்லை. பம்பின் குழாயை அடியில் விட்டு இழுத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். சுனாமிக்குப் பிறகு கிணறு துப்புரவாக்குகிறோம் என்று வந்தவர்கள் பலர் இதைத்தான் செய்தார்கள். இறைக்க இறைக்க உப்புக் கூடியது.

அதற்குள் அவரை அண்ணன் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். அண்ணனின் கருவி இரண்டு சின்ன பிளாஸ்டிக் கான்களில் மிதக்கும். குழாயின் வாய் தண்ணீரின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நிற்கும். அந்த வாய்க்குக் கீழே, சாப்பாட்டுப் பீங்கானைவிட அகலமான ஒரு வட்டத் தட்டு. உயிரே அந்தத் தட்டில்தான் இருந்தது. தட்டு இருப்பதால் தண்ணீர் பக்கவாட்டில் இருந்துதான் குழாய்க்குள் வரும், கீழிருந்து ஏறாது. நீல நிற பிளாஸ்டிக் பரல் ஒன்றின் மூடியை வெட்டி அதைச் செய்திருந்தார். ஒரு பாடசாலையில் இருந்த அகதி முகாமின் கிணற்றில் முதன்முதலாகப் போட்டுப் பார்த்தார். முகாம் மூடும்வரை அந்தக் கிணறு உப்பாகவில்லை.

கொழும்பில் பம்பு செய்கிற நிறுவனம் ஒன்று அதைத் தயாரிக்க விரும்பியது. பேட்டன்ட் கிடைத்தால் மட்டும் என்றார்கள். கிடைக்காவிட்டால் அந்தக் கருவி செங்கலடிச் சந்தியில் ஒரு கடையின் மூலையோடு முடிந்துவிடும். அண்ணனுக்கு அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு கருவியிலும் தன் பெயர் அச்சடித்திருக்க வேண்டும்.

விண்ணப்பம் போகப் பிந்தியது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சண்டை தொடங்கி, கரடியனாறு, வவுணதீவுப் பக்கத்துச் சனமெல்லாம் வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்த காலம். செங்கலடிக் கடையின் முன்னாலும் கூடாரம் போட்டிருந்தார்கள். கொழும்புக்குப் போகிற பாதையில் ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் இறங்கி ஏறவேண்டும். ஆண்கள் அவசியமில்லாமல் ஊரைவிட்டு வெளிக்கிடவில்லை. ஒருவழியாக எழுதி அனுப்பினேன். நெடுநாள் கழித்துக் கொழும்புப் பேட்டன்ட் அலுவலகத்துப் பரிசோதகரின் அறிக்கை வந்தது.

அறிக்கையில் இரண்டு ஆவணங்களைக் காட்டி, இந்தக் கண்டுபிடிப்பு புதியதல்ல என்று எழுதியிருந்தார். முதலாவது, வெளிநாட்டில் எண்ணெய்த் தாங்கிகளுக்குச் செய்த மிதக்கும் குழாய். அதில் தட்டே இல்லை. அதைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. இரண்டாவதைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அது ஒரு தமிழ்த் துண்டுப் பிரசுரம். சுனாமி முகாம்களில் ஒரு நிவாரண நிறுவனம் விநியோகித்தது. கிணற்றின் குறுக்குவெட்டுப் படம், மிதக்கும் கான்கள், குழாயின் வாய். வாய்க்குக் கீழே ஒரு கோடு. படத்தின் கீழே மூன்று வரிகள், தட்டு என்ற சொல் எங்கும் இல்லை.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது.

"பாருங்க மிஸ், இது என்ட சாமான்தான். நான்தான் அவங்களுக்குச் செய்து காட்டினன். இப்ப கொழும்பில இருக்கிற ஆக்களும் ஒத்துக்கொள்றாங்க."

"அண்ணன், அவங்கள் ஒத்துக்கொள்ளேல்ல. இது ஏற்கெனவே ஊருக்கெல்லாம் தெரிஞ்ச சாமான், புதிசு இல்ல எண்டு சொல்றாங்கள்."

"தெரியப்படுத்தினதே நான்தானே."

"ஓம். ஆனா தெரியப்படுத்தி ஒரு வருசத்துக்குள்ள விண்ணப்பம் போட்டிருக்கவேணும். சட்டம் அதுக்கு மட்டுந்தான் இடம் விடும். நம்மட விண்ணப்பம் பிந்திப் போச்சு."

சண்டை நடந்த பாதையைச் சட்டம் கணக்கில் எடுக்காதா என்று கேட்டார். எடுக்காது என்றேன். எனக்கும் அது எரிச்சலாகத்தான் இருந்தது.

ஒரு வழி மீதி இருந்தது. பழைய ஆவணம் ஒன்று கண்டுபிடிப்பின் புதுமையைக் கெடுக்கவேண்டுமானால், கண்டுபிடிப்பின் எல்லா அம்சங்களும் அந்த ஒரே ஆவணத்தில் இருக்கவேண்டும். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று பொறுக்கிச் சேர்க்கக்கூடாது. அதோடு, அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் அதை வெளிவந்த காலத்தில் வாசித்திருந்தால், அதை மட்டும் வைத்துக்கொண்டு கருவியைச் செய்யக்கூடியதாக இருக்கவேண்டும். இப்போது நமக்குத் தெரிந்ததைக் கொண்டுபோய் அந்தக் காகிதத்துக்குள் வைத்து வாசிக்கக்கூடாது. சொல்வது சுலபம். தெரிந்த ஒன்றைத் தெரியாதமாதிரிப் பார்ப்பதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. பரிசோதகர் எங்கள் விண்ணப்பத்தை முதலில் படித்தவர், பிறகு பிரசுரத்தைப் பார்த்தவர். அந்தக் கோடு அவருக்குத் தட்டாகத்தான் தெரியும்.

"சுருக்கமாச் சொன்னா, இந்த நோட்டீசைப் பாத்து ஒருத்தராலயும் சரியாச் செய்ய ஏலாது எண்டு நாம காட்டவேணும்," என்றேன்.

அண்ணனுக்குக் கோபம் வந்தது. அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

"அப்பிடி ஒரு பொய் எனக்கு வேணாம், மிஸ். என்ட அக்கா இந்த நோட்டீசை வச்சித்தான் அவட கிணத்துக்குச் செய்விச்சவ. தண்ணி நல்லாருக்கெண்டு எனக்குச் சொல்லியிருக்கா."

அக்கா கடற்கரைப் பக்கத்து மணல் துண்டில் இருந்தார். முகாமிலிருந்து காணிக்குத் திரும்பியபோது, கருவியைத் தானே வந்து போட்டுத்தருவதாக அண்ணன் சொன்னாராம். பாதை சரியில்லை, நீ வரவேண்டாம், நோட்டீஸ் இருக்கிறது, இங்கே பைப் வேலை செய்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று அக்கா மறித்துவிட்டார். அந்த நாட்களில் தம்பி உள்ள அக்காமார் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

பொய் சொல்லத் தேவையில்லை, போய்ப் பார்ப்போம், அக்காவின் கருவி சரியாக இருந்தால் விண்ணப்பத்தைத் திருப்பி எடுப்போம் என்றேன். வழக்கு தோற்றால் எனக்கும்தான் நட்டம். ஆனால் தோற்கிற வழக்கைக் கொழும்புவரை காவிக்கொண்டு போவதில் எனக்கு விருப்பம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் போனோம். அக்கா வாசல் படலையிலேயே நின்றார். வெள்ளை வேட்டி நுனியால் முகம் துடைத்துக்கொண்டு இறங்கிய தம்பியைப் பார்த்ததும், "மெலிஞ்சி போனாய்" என்றார். தம்பி சற்றும் மெலியவில்லை. எங்களை உட்காரவைத்து ஆளுக்கொரு சோடா உடைத்துத் தந்தார். பாதை கொஞ்சம் சீரான பிறகு தான் இரண்டொரு தரம் வந்தபோதும் அக்கா எழும்பவிடாமல் இருத்திவைத்துச் சோடாதான் தந்தார், தேத்தண்ணி தந்தால் மரியாதைக் குறைவென்று நினைப்பு என்று அண்ணன் பெருமையோடு சொன்னார்.

சோடாவைப் பாதியில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். எட்டிப் பார்த்தேன். கான்கள் மிதந்தன. குழாய் தொங்கியது. தட்டு இல்லை. குழாயின் வாய் வெறுமனே கீழே பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் கிணற்றின் சீமெந்து வளையத்தில், உள்பக்கம் சுற்றிவர, சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு.

அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் எட்டிப் பார்த்தார்.

"தட்டெங்க, அக்கா?"

"என்ன தட்டு?" என்றார் அக்கா.

பக்கத்துக் காணியில் இருந்த பைப் வேலைக்காரரைக் கூப்பிட்டோம். அவர் அக்கா வீட்டில் மட்டுமல்ல, அந்த வரிசையில் வேறு கிணறுகளிலும் அதைப் போட்டவர். தன் வேலையில் பிழை பிடிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்து முறைப்பாகத்தான் வந்தார். நான் பிரசுரத்தை அவர் கையில் கொடுத்தேன். பரிசோதகர் அறிக்கையோடு அனுப்பிய போட்டோப் பிரதியை அல்ல, அக்கா அலுமாரியில் மடித்து வைத்திருந்த அசல் காகிதத்தை. அப்போதுதான் நானும் அதை முதன்முதலாகப் பார்த்தேன். படம் கறுப்பில் இருந்தது. அந்தக் கோடு மட்டும் சிவப்பில் இருந்தது.

"இந்தக் கோடு என்ன எண்டு நினைச்சிச் செய்தீங்க?" என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி மிஸ். கிணறு இறைக்க வந்தவங்க எல்லாக் கிணத்துக்குள்ளயும் சிவப்புக் கோடு அடிச்சவங்க. கோட்டுக்குக் கீழ தண்ணி போனா பம்பை நிப்பாட்டச் சொன்னவங்க. கடதாசியிலயும் அதத்தான் போட்டுக் கிடந்தது. நானும் கோடு அடிச்சன். படத்தில இருந்த உயரத்துக்குத்தான் அடிச்சன், அளந்து பாருங்க."

அளக்கத் தேவையில்லை. அந்த வருடம் இந்தக் கரையில் கிணறு பார்த்த எவருக்கும் சிவப்புக் கோடு என்றால் அதுதான். எனக்கும் தெரிந்த விஷயம். ஆனால் எனக்குத் தட்டைப் பற்றித் தெரிந்திருந்ததால் அது ஞாபகத்துக்கு வரவேயில்லை.

எனக்குச் சந்தோஷம் வந்தது. மறைக்க ஒன்றும் இல்லை, வழக்கு வென்றமாதிரித்தான். தொழில் தெரிந்த ஒருவர், அந்தக் காலத்தில், அந்த இடத்தில், நேர்மையாக வாசித்து நேர்மையாக வேறொன்றைச் செய்திருக்கிறார். இதைவிட நல்ல சாட்சி எனக்கு எங்கே கிடைக்கும்? அந்தச் சந்தோஷத்தோடு திரும்பிப் பார்த்தபோது அண்ணன் பம்பின் சுவிட்சைப் போட்டு, குழாயிலிருந்து கையில் தண்ணீர் ஏந்தி வாயில் வைத்திருந்தார். விழுங்கவில்லை. துப்பினார்.

"அக்கா, இது உப்பு."

அக்கா போய்ப் பம்பை நிறுத்தினார்.

"நல்லாருக்கெண்டு சொன்னீங்களே. போன் எடுக்கக்குள்ள எல்லாம் கேட்டனானே."

"நீ அவ்வளவு சந்தோசமாக் கேட்டாய், தம்பி. நான் என்னத்தச் சொல்ற?"

குடிக்கத் தண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது என்றார். பவுசர் வராத நாட்களில் கோயில் கிணற்றிலிருந்து குடத்தில் எடுத்து வருகிறார். அது கிட்ட இல்லை. கத்தரியும் மிளகாயும் வைத்த பாத்திகள் கருகிப்போனதால் விட்டுவிட்டார். சோடா ஏன் என்பது எனக்கு அப்போது விளங்கியது. அண்ணனுக்கும் விளங்கியிருக்கும். அவர் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"நோட்டீஸ் அடிச்ச ஆக்கள் படத்தைக் கீறிக்கொண்டுவந்து என்னட்டக் காட்டினவங்க, மிஸ்," என்றார். "தட்டு வடிவா விளங்கட்டும், சிவப்பில போடுங்க எண்டு சொன்னவன் நான்தான்."

பைப் வேலைக்காரர் காகிதத்தை மடித்து அக்காவிடம் கொடுத்துவிட்டு, தன்னிடம் யாரும் தட்டைப் பற்றிச் சொல்லவில்லை என்று இன்னொருதரம் சொன்னார். அது உண்மைதான்.

வருகிற வழியில் ஆட்டோவில் அண்ணன் ஒன்றுதான் கேட்டார். அந்தப் பிரசுரம் எத்தனை ஊருக்குப் போயிருக்கும் என்று. எனக்குத் தெரியாது என்றேன். அந்த நிவாரண நிறுவனம் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. கேட்க ஆள் இல்லை.

அந்தக் கிழமையே அக்காவின் கருவிக்குத் தட்டுப் போட்டுக்கொடுத்தார். அந்த வரிசையில் இருந்த மற்றக் கிணறுகளுக்கும் போட்டார். கடையைப் பூட்டிவிட்டு, பரல் மூடிகளை வெட்டிச் சாக்கில் கட்டிக்கொண்டு, சோதனைச்சாவடிகளில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டு போய் வந்தார். தட்டுப் போட்ட உடனே கிணறு திருந்தாது. ஏறின உப்பு இறங்க மாரி மழை வேண்டும். மழை முடிந்து வெயில் ஏறி, இறைக்க இறைக்கத் தண்ணீர் எப்படி நிற்கிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

நான் சத்தியக் கடதாசிகளை எழுதினேன். பைப் வேலைக்காரர் தான் பார்த்ததையும் செய்ததையும் சொன்னார், கையெழுத்து வைத்தார். அக்காவும் ஒன்று கொடுத்தார். அதில் தண்ணீர் உப்பாக இருந்தது என்ற வசனத்தை வாசித்துக் காட்டியபோது, "இதை எழுதித்தான் ஆகவேணுமா புள்ள?" என்று கேட்டார். ஆகவேண்டும் என்றேன். "தம்பிக்கு நல்லதெண்டாச் சரி," என்று கையெழுத்து வைத்தார்.

கொழும்பில் விசாரணை அமைதியாக நடந்தது. பரிசோதகர் நல்ல மனிதர், பேசவிட்டார். அவருடைய கறுப்பு வெள்ளைப் பிரதிக்குப் பக்கத்தில் அசலை வைத்தேன். சிவப்புக் கோடு அடித்த கிணறுகளின் படங்களையும் வைத்தேன். இந்தக் கோடு தட்டாகவும் இருக்கலாம், அடையாளமாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் இடம் தருகிற படம் எதையும் தெளிவாகச் சொல்லவில்லை, அதிலும் அன்றைய மட்டக்களப்பில் பம்பு பூட்டுகிற ஒருவர் இதை அடையாளமாகத்தான் வாசிப்பார், வாசித்தும் இருக்கிறார் என்றேன். அவர் இரண்டு காகிதங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப பாத்தாலும் எனக்குத் தட்டுத்தான் தெரியுது," என்றார் சிரித்துக்கொண்டு, தன் கொழும்புத் தமிழில். தெரியாமல் இருக்க வழி இல்லை, நீங்கள் விண்ணப்பத்தைப் படித்துவிட்டீர்கள் என்றேன்.

பேட்டன்ட் கிடைத்த செய்தி, வன்னியில் யுத்தம் முடிந்துவிட்டதாக அறிவித்த நாட்களில் வந்தது. கொழும்பில் பட்டாசு கொளுத்தினார்கள். மட்டக்களப்பில் கடைகள் திறந்திருந்தன, ஆட்கள் குறைவாகப் பேசினார்கள். நான் அண்ணனுக்கு அழைத்துச் சொன்னேன். "நல்லம்," என்றார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை அக்காட்டப் போறன். நீங்களும் வாறீங்களா?" என்று கேட்டார்.

போனோம். வெயில் கொளுத்தியது. மாரி போய் மாதங்கள் ஆகிவிட்டன. கிணற்றில் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. கருவி அடியோடு ஒட்டினதுபோல மிதந்தது. அன்று சோடா இல்லை. அக்கா பம்பைப் போட்டு, கிளாசில் பிடித்து, தானே முதலில் குடித்தார்.

"நல்லாருக்கு, தம்பி."

அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிளாசை வாங்கித் தானும் குடித்தார். மெதுவாகக் குடித்தார். மறுபடி நிரப்பி என்னிடம் நீட்டினார். குடித்தேன். எனக்கு உப்புத் தெரியவில்லை. அதைச் சொன்னேன்.

"நீங்களும் விசயம் தெரிஞ்ச ஆள், மிஸ். நம்ம மூண்டு பேர்ட வாயையும் நம்ப ஏலாது."

அக்காவுக்கு அது சுட்டது. "இப்ப நான் ஏன் பொய் சொல்லப்போறன்?" என்றார். அண்ணன் படலையைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போனார். ஒரு மீன்காரர் பெட்டி கட்டின சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அந்த ஊர்க்காரர் அல்ல. அண்ணன் அவரை மறித்துக் கிணற்றடிக்குக் கூட்டிவந்தார். ஏன், எதற்கு என்று ஒன்றும் சொல்லவில்லை. கிளாசை நிரப்பிக் கையில் கொடுத்தார்.

மீன்காரர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து வாயைத் துடைத்தார். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். வெறும் கிளாசை நீட்டினார்.

"இன்னொண்டு தாங்க."

அக்கா அழுதுகொண்டே நிரப்பினார்.